தானாக வந்தவர்கள்

1

கூலி வாங்காமல் ஒரு பொதுக்காரியத்துக்கு வந்து உழைக்கிற மனிதருக்கு அந்தக் காரியத்தை நடத்துகிற ஸ்தாபனம் என்ன கடமைப்பட்டிருக்கிறது? எளிமையான கேள்விதான். நன்றி என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். பெரும்பாலான அமைப்புகள் அப்படித்தான் சொல்லிவருகின்றன. ஆண்டு விழாவில் மேடைக்கு அழைத்து ஒரு துண்டு போர்த்துவார்கள், ஒரு கேடயமோ சான்றிதழோ தருவார்கள். நன்றியுரையில் ஒலிபெருக்கிக்காரருக்கு அடுத்து 'உழைத்த அனைத்து நல்ல உள்ளங்களுக்கும்' என்று ஒரு வரி வரும். இதற்கு மேல் ஒருவர் எதையாவது கேட்டால் அவரிடம் தொண்டு மனப்பான்மை இல்லை என்று ஆகிவிடுகிறது.

நன்றியும் மரியாதையும் ஒன்றல்ல. நன்றி காரியம் முடிந்த பிறகு வருவது. மரியாதை காரியம் நடக்கும்போதே, சொல்லப்போனால் அதற்கு முன்பே, இருந்தாக வேண்டியது. நன்றி சொல்ல மேடை வேண்டும், பார்க்க நாலு பேர் வேண்டும். மரியாதைக்கு இரண்டும் தேவையில்லை. உழைத்தவரின் யோசனையை ஒருமுறைகூடக் கேட்காமல் அவருக்கு நன்றி சொல்லிவிட முடியும். அவர் பெயர் தெரியாமலும் முடியும். யோசனையைக் கேட்காமல் மரியாதை செய்ய முடியாது. நாம் முன்னதைக் கொடுத்துப் பின்னதைத் தீர்த்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். பிரச்னை இங்கேதான் தொடங்குகிறது.

கொங்கு நாட்டில் இதைப் பேசுவதில் ஒரு சங்கடம் உண்டு. மரியாதை இங்கே பேச்சிலேயே கலந்து கிடக்கிறது. 'வாங்க', 'சொல்லுங்க', 'ஏனுங்க' என்று வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' ஒட்டிக்கொள்கிறது. தவழும் குழந்தையைக்கூட 'வாங்க சாமி' என்று கூப்பிடுகிற ஊர்கள் இவை. வேலை ஏவுவதும் இதே குரலில்தான்: 'அந்தச் சேரையெல்லாம் கொஞ்சம் எடுத்துப் போட்டுருங்க.' சேரை எங்கே போடுவது, ஏன் போடுவது என்று முடிவு செய்த இடத்தில், போடுகிறவர் இருந்தாரா? விகுதி இதற்குப் பதில் சொல்லாது. பண்ணையத்தில் வேலை செய்தவர்களுக்கு அந்த 'ங்க' தலைமுறை தலைமுறையாக ஒரே திசையில்தான் ஓடியது என்பதும் இதே மண்ணின் சரித்திரம். ஆகவே இங்கே சொல்லின் மரியாதையைக் கொண்டு நடத்தையின் மரியாதையை அளக்க முடியாது.

போத்தனூர் ரயில்வே ஊர். 1862-ல் சென்னையிலிருந்து மேற்குக் கரைக்குப் போன பாதை இந்த வழியாகத்தான் போனது; கோயம்புத்தூருக்கு இங்கிருந்து ஒரு கிளையாகப் பிற்பாடுதான் ரயில் போயிற்று. ரயில்வேயில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கிரேடு உண்டு. கிரேடுக்குத் தக்க சம்பளம், அதற்குத் தக்க குவார்ட்டர்ஸ், பாஸ், கடைசியில் பென்ஷன். யாரை எப்படி நடத்துவது, யார் யாருக்கு எழுந்து நிற்பது என்பதையெல்லாம் கிரேடே சொல்லிவிடும். அப்படிப்பட்ட ஊரில் ஓய்வுபெற்ற ஒரு கார்டு கோயில் அன்னதானத்துக்கோ ரத்ததான முகாமுக்கோ வந்து நிற்கும்போது, வாழ்க்கையில் முதல் முறையாக, கிரேடு இல்லாத மனிதராக நிற்கிறார். அவரை என்ன செய்வது என்று யாருக்கும் தெரிவதில்லை. ஒன்று, அவரைத் தூக்கி வைக்கிறார்கள். அல்லது, கிடைத்த ஆள் என்று உபயோகிக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு ஸ்திதி இருக்க முடியுமா என்பதுதான் நம் விசாரம்.

2

நம் மொழியில் இந்த மனிதருக்கு இருக்கிற பெயர்களே குழப்பத்தைக் காட்டும். பழைய சொல் தொண்டர். அடிமை என்ற அர்த்தத்தை அது முழுக்க உதறியதில்லை. ஆனால் பக்தி இலக்கியம் அந்த அடிமைத்தனத்தைத் தலைகீழாக்கிற்று. சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதிய காவியத்துக்கு இட்ட பெயர் திருத்தொண்டர் புராணம். அரசனுக்கோ ஆண்டவனுக்கோ அல்ல, தொண்டருக்குக் காவியம்.

அந்தக் காவியத்துக்கு மூலமான சுந்தரரின் பட்டியல் பிறந்த கதை கவனிக்கத்தக்கது. திருவாரூரில் தேவாசிரிய மண்டபத்தில் அடியார்கள் கூடியிருக்கிறார்கள். சுந்தரர் அவர்களை வணங்காமல் ஒதுங்கி நேரே சந்நிதிக்குப் போகிறார். மலைநாட்டிலிருந்து வந்த விறன்மிண்டருக்கு இது பொறுக்கவில்லை. அடியார்களைக் கடந்து போகிற இவன் நமக்குப் புறம்பு, இவனை ஆட்கொண்ட சிவனும் புறம்பு என்று சொல்லிவிடுகிறார். இதற்குப் பிறகுதான் சுந்தரர் ஒவ்வொரு தொண்டராகப் பெயர் சொல்லி, அவர்களுக்கு அடியேன் என்று பாடுகிறார். அறுபத்துமூவரின் வரலாறு நமக்குக் கிடைத்தது, வாசலில் இருந்தவர்களை ஒருவர் கவனிக்காமல் போனதையும் இன்னொருவர் அதைத் தட்டிக் கேட்டதையும் ஒட்டித்தான். அந்தப் பட்டியலில் பெயர் உள்ள தனியடியார்களோடு பெயர் சொல்லப்படாத ஒன்பது கூட்டத்தாரும் இருக்கிறார்கள். பட்டியல் போடுகிறவருக்கு, தனக்குத் தெரியாதவர்களும் உழைத்திருக்கிறார்கள் என்ற பிரக்ஞை இருந்திருக்கிறது. நன்றியுரையின் 'அனைத்து நல்ல உள்ளங்கள்' இதே வேலையைச் செய்வதாகத் தோன்றலாம். சுந்தரர் தெரிந்தவர்களைப் பெயர் சொன்ன பிறகுதான் தொகைக்கு வருகிறார். நன்றியுரை பெயர் சொல்கிற சிரமத்தைத் தவிர்க்கவே தொகைக்கு வருகிறது.

இருபதாம் நூற்றாண்டில் தொண்டர் என்ற சொல் கட்சிக்குப் போயிற்று. தலைவர் ஒரு பக்கம், தொண்டர்கள் ஒரு பக்கம். 1932 ஜனவரி 10 அன்று திருப்பூரில் கொடியோடு ஊர்வலம் போன தொண்டர்களைப் போலீஸ் அடித்தது. அவர்களில் ஒருவரான குமரன் மறுநாள் இறந்தார். அவருக்குச் சிலை உண்டு, தபால்தலை உண்டு, பாடப்புத்தகத்தில் இடம் உண்டு. கூட நடந்து அடிபட்டு உயிர்பிழைத்தவர்களின் பெயர்களைத் திருப்பூரிலேயே எத்தனை பேர் சொல்வார்கள்? குமரனின் தியாகத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஸ்தாபனங்கள் தொண்டரின் சாவை ஏற்றுக்கொள்கிற அளவு சுலபமாக அவருடைய அபிப்பிராயத்தை ஏற்றுக்கொள்வதில்லை. இறந்த தொண்டருக்கு மாலை போட்டுவிடலாம். உயிரோடு இருப்பவர் கணக்குக் கேட்பார்.

பிறகு வந்த சொல் தன்னார்வலர். அரசாங்கச் சுற்றறிக்கையின் வாசனை உள்ள சொல்தான். ஆனாலும் அதில் ஒரு நல்ல விஷயம் ஒளிந்திருக்கிறது: தன் ஆர்வம். வந்தவர் தன் காரணத்துக்காக வந்திருக்கிறார். அந்தக் காரணம் அவருக்குச் சொந்தம். ஸ்தாபனத்தின் காரணத்தோடு அது பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம். இந்தச் சொல்லை உபயோகிக்கிறவர்கள் இதன் முதல் பாதியைப் பற்றி அதிகம் யோசிப்பதில்லை.

3

கூலிக்கு ஒரு தார்மீக நன்மை இருக்கிறது. அது கணக்கைத் தீர்க்கிறது. சாயங்காலம் கூலியை வாங்கிக்கொண்டு வெளியேறுகிறவர் யாருக்கும் கடன்பட்டவரல்ல, கொடுத்தவரும் கடன்பட்டவரல்ல. கூலி நியாயமாக இருந்தால் இருவரும் நிமிர்ந்து பார்த்துக்கொள்ள முடியும். கூலி இல்லாத உழைப்பில் இந்தத் தீர்வு இல்லை. கணக்கு திறந்தே கிடக்கிறது.

மார்ஸெல் மோஸ் 1925-ல் பிரெஞ்சில் எழுதிய கொடை பற்றிய நீண்ட கட்டுரையில், பூர்வ சமூகங்களில் கொடை என்பது மூன்று கடமைகளின் பின்னல் என்றார்: கொடுப்பது, பெற்றுக்கொள்வது, திருப்பிச் செய்வது. இதைப் புரிந்துகொள்ள நமக்குப் பசிபிக் தீவுகள் வேண்டியதில்லை. கொங்குக் கலியாணத்தில் மொய் எழுதுகிற இடத்தில் ஒரு மணி நேரம் நின்றால் போதும். யார் எவ்வளவு என்று நோட்டில் ஏறுகிறது. அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் புறப்படுகிறோம். ஆனால் அதே கலியாணத்தில் விடியற்காலையிலிருந்து காய் நறுக்கிப் பந்தி விளம்பிக் கடைசிப் பந்தியில் ஆறின சோறு சாப்பிட்ட பங்காளியின் உழைப்பு எந்த நோட்டிலும் ஏறுவதில்லை. உறவு என்கிற பெரிய கணக்கு அதை ஏந்திக்கொள்கிறது. அவர் வீட்டில் ஒரு காரியம் என்றால் நாமும் போய் வாளியைத் தூக்குவோம்.

பொது அமைப்புகளில் இந்த உறவு கிடையாது, கூலியும் கிடையாது. ஆகவே உழைப்பை ஏந்திக்கொள்ள எதுவுமே இல்லை. தீர்க்க முடியாத கடனோடு வாழ்வது எந்த ஸ்தாபனத்துக்கும் கஷ்டம். அதிலிருந்து தப்ப இரண்டு வழி கண்டுபிடித்திருக்கிறோம். ஒன்று, உழைத்தவரை மகானாக்குவது. மகானுக்கு யாரும் எதுவும் தரவேண்டியதில்லை. மற்றது, அவரே ஏதோ லாபத்துக்காகத்தான் வந்தார் என்று நினைத்துக்கொள்வது: பெயருக்காக, பொழுதுபோகாமல், வீட்டில் மரியாதை இல்லாமல். இரண்டும் கடனை இல்லையென்று செய்கிற தந்திரங்கள்தான்.

பேரூரில் இதற்கு ஒரு கதை இருக்கிறது. சுந்தரர் பொருள் கேட்டு வருகிறார் என்று தெரிந்ததும் பட்டீசுவரர், கொடுக்கக் கையில் எதுவும் இல்லாமல், அம்மையோடு வயலில் இறங்கி நாற்று நடுகிற உழவராக ஒளிந்துகொள்கிறார். சொல்லாதே என்று நந்தியிடம் சொல்லிவிட்டுப் போகிறார். சுந்தரர் கேட்டதும் நந்தி சைகையால் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆண்டவர் கோபத்தில் மண்வெட்டியால் அடிக்க, நந்தியின் தாடை சிதைகிறது. ஆனி மாதத்தில் நடக்கும் நாற்று நடவுத் திருவிழாவுக்குப் பின்னால் இருக்கிற தலபுராணம் இது.

இதைத் திருவிளையாடல் என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறோம். யோசித்தால், ஒரு ஸ்தாபனத்தின் முழுச் சங்கடமும் இதில் இருக்கிறது. தன்னிடம் உழைத்தவன் முன்னால் நிற்க வெட்கி ஒளிகிற தலைமை. கஜானாவின் உண்மை நிலையைச் சொன்ன ஊழியனுக்கு அடி. இருந்தாலும், ஒளிந்த இடத்தில் ஆண்டவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை; சேற்றில் இறங்கி நாற்று நடுகிறார். கடனைத் தீர்க்க முடியாதவர் செய்யக்கூடிய ஒரே கௌரவமான காரியம் அதே சேற்றில் இறங்குவது. கதை தெரிந்தோ தெரியாமலோ அந்த இடத்தைத் தொட்டுவிடுகிறது.

4

போத்தனூரை அடுத்த வெள்ளலூரில் ஒரு குளம் இருக்கிறது. பல வருஷங்கள் வறண்டும் புதர் மண்டியும் கிடந்த குளம். 2017 முதல் கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வேலை செய்தார்கள். வாய்க்கால் துப்புரவாயிற்று, தண்ணீர் வந்தது, கரையில் குறுங்காடு வளர்ந்தது, பட்டாம்பூச்சிகள் நூறு வகைக்கு மேல் கணக்கெடுக்கப்பட்டன. இவர்களில் யாருக்கும் கூலி இல்லை. ஞாயிறு தூக்கத்தை விட்டுவிட்டு வந்து வாய்க்காலில் இறங்கியவருக்கு வாய்க்காலில் வருகிற தண்ணீர்தான் பதில். தொண்டு செய்கிறவருக்குச் செய்யக்கூடிய முதல் மரியாதை, அவருடைய உழைப்பு எங்கே போய்ச் சேர்கிறது என்று அவரே பார்க்கும்படி வைப்பது என்று இதிலிருந்து சொல்லலாம். அர்த்தம் சொல்லப்படாத வேலையைக் கொடுப்பது, எவ்வளவு இனிமையாகக் கொடுத்தாலும், அவமதிப்பு.

அதே வெள்ளலூரில் 600 ஏக்கருக்கு மேற்பட்ட குப்பைக் கிடங்கும் இருக்கிறது. கோயம்புத்தூர் நகரத்தின் குப்பை அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. அதன் நாற்றமும் புகையும் போத்தனூர்க்காரர்களுக்குப் பழக்கம். அந்தக் குப்பையை அள்ளிக்கொண்டு போகிறவர்கள் தினக்கூலிக்கும் ஒப்பந்தத்துக்கும் வேலை செய்கிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை குளக்கரையில் பிளாஸ்டிக் பொறுக்கியவரை நாம் பாராட்டுகிறோம். திங்கட்கிழமை தெருவில் அதே பிளாஸ்டிக்கைப் பொறுக்குகிறவருக்கு வழிவிட்டு மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் இந்தக் காட்சியின் பெரிய பிரதி கிடைத்தது. தன்னார்வலர்களின் உழைப்பைப் பத்திரிகைகள் கொண்டாடின. அது கொண்டாடத் தக்கதுதான். நகரத்தின் அழுகிய குவியல்களை அள்ள வெளிமாவட்டங்களிலிருந்து லாரிகளிலும் பஸ்களிலும் கொண்டுவரப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள் அந்தக் கொண்டாட்டத்தில் ஓரத்தில்கூட இல்லை.

அப்படியானால் தொண்டரிடம் நாம் மதிப்பது எதை? செய்த வேலையை என்றால் இருவரும் செய்தது ஒரே வேலை. 'இவர் செய்யவேண்டிய அவசியம் இல்லை, இருந்தும் செய்தார்' என்பதை மதிக்கிறோம் என்றால், நாம் மதிப்பது அவசியமில்லாமையை, அதாவது அவருடைய வசதியை, ஓய்வை, பெரும்பாலும் ஜாதியை. இது கடினமான ஆட்சேபணை. தொண்டருக்கு மரியாதை வேண்டும் என்று எழுதப் புகுகிற எவரும் இதைத் தாண்டித்தான் போகவேண்டும்.

1785-ல் காண்ட் ஒரு வேறுபாட்டைச் சொன்னார். விலை உள்ள பொருளுக்குப் பதிலாக இன்னொன்றை வைக்கலாம். விலைக்கு அப்பாற்பட்டதற்கு மாண்பு உண்டு, அதற்குப் பதிலாக எதையும் வைக்க முடியாது. மனிதன் இரண்டாவது வகை. இதை நாம் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறோம் என்று தோன்றுகிறது. விலை வாங்காத உழைப்புக்கு மாண்பு, விலை வாங்கிய உழைப்புக்கு மாண்பில்லை என்று எடுத்துக்கொண்டோம். காண்ட் சொன்னது உழைப்பைப் பற்றி அல்ல, உழைப்பவரைப் பற்றி. கூலி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அவர் மாண்பு அதுவேதான். ஆகவே தொண்டருக்கென்று தனி மரியாதை கிடையாது. எல்லாருக்கும் உரிய மரியாதைதான் அவருக்கும். அப்படியானால் தொண்டரைப் பற்றித் தனியாக எழுத என்ன இருக்கிறது?

ஒன்று இருக்கிறது. தொண்டர் போய்விட முடியும். சம்பளத்துக்கு இருப்பவரை அவமதித்தாலும் அவர் நாளைக்கு வருவார். வீட்டில் அடுப்பு எரியவேண்டும். தொண்டரை அவமதித்தால் அவர் வராமல் போகலாம். எனவே ஒரு ஸ்தாபனம் தொண்டரை நடத்துகிற விதத்தில், கட்டாயம் என்ற கருவி கையில் இல்லாதபோது அது மனிதர்களிடம் எப்படி நடந்துகொள்கிறது என்பது வெளியே தெரிந்துவிடுகிறது. தொண்டரிடம் மரியாதையாகவும் துப்புரவுத் தொழிலாளியிடம் வேறு மாதிரியும் நடக்கிற அமைப்பு தொண்டரையும் மதிக்கவில்லை. அவர் போய்விடுவாரோ என்று பயப்படுகிறது, அவ்வளவுதான்.

5

போய்விட முடியும் என்று சொன்னது பாதி உண்மை. மனச்சாட்சி உள்ளவரால் போக முடிவதில்லை. முதியோர் இல்லத்தில் வாரம் ஒருநாள் வந்து குளிப்பாட்டிவிடுகிற பெண்ணுக்கு, தான் வராவிட்டால் அன்றைக்கு அந்தக் கிழவிக்குக் குளியல் இல்லை என்று தெரியும். நிர்வாகத்தின் மீது என்ன கோபம் இருந்தாலும் அவள் வருவாள். இந்த இடத்தில் தொண்டரின் மனச்சாட்சியே அவரைக் கட்டுகிற சங்கிலி ஆகிவிடுகிறது. ஸ்தாபனத்துக்கு இது தெரியும். தெரிந்து கொண்டு அந்தச் சங்கிலியை இழுப்பது, தொண்டுலகில் நடக்கிற அநியாயங்களில் ஆகப் பெரியது. அதற்கு எந்தச் சட்டத்திலும் பெயர் கிடையாது.

கொரோனா நாட்களை நினைத்துப் பார்க்கலாம். 2020-லும் 2021-லும் இறந்தவர் உடலைத் தொட உறவினரே அஞ்சியபோது, தமிழகம் முழுக்க முஸ்லிம் அமைப்புகளின் தொண்டர்கள் எல்லா மதத்தாருடைய உடல்களையும் அவரவர் முறைப்படி அடக்கம் செய்தார்கள், தகனம் செய்தார்கள். பாராட்டுகள் வந்தன. ஒரு நாளைக்குப் பல உடல்களை இறக்கியவர் இரவில் வீட்டுக்குள் போனாரா, திண்ணையில் படுத்தாரா, தூங்கினாரா என்று கேட்பது பாராட்டைவிடச் சின்னக் காரியம், ஆனால் மரியாதை அதில்தான் இருக்கிறது. இன்றைக்கு நீங்கள் வரவேண்டாம் என்று சொல்வதும் அதில் சேரும். வருகிறேன் என்பவரை வரவேண்டாம் என்று சொல்ல, அவரைத் தேவையிலிருந்து பிரித்து ஒரு மனிதராகப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அரசாங்கம் இந்தச் சங்கிலியை ஒரு கொள்கையாகவே ஆக்கிவிட்டது. 2005-ல் கிராமப்புறச் சுகாதாரத் திட்டத்தின் கீழ் நாடு முழுக்க ஆஷா என்ற பெயரில் லட்சக்கணக்கான பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் ஊழியர்கள் அல்ல, தன்னார்வலர்கள் என்று காகிதத்தில் எழுதப்பட்டது. அப்படி எழுதியதால் சம்பளம் இல்லை, ஊக்கத்தொகை மட்டும். 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருது கொடுத்தது. 2025 பிப்ரவரியில், பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப்புறம், திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன்னால் அதே ஆஷா பெண்கள் மதிப்பூதியத்தை உயர்த்தித் தரச்சொல்லி உட்கார்ந்தார்கள், மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரப்பட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுடைய ஆர்வத்தைச் சந்தேகிக்க முடியாது. ஆனால் ஆர்வம் என்ற சொல்லால் கூலிக் கணக்கை மூடிவிடுவது யாருக்கு லாபம் என்று கேட்டாக வேண்டும்.

எல்லாத் தொண்டுக்கும் கூலி கொடுத்துவிட்டால் தீர்ந்ததா? அதுவும் இல்லை. 1970-ல் ரிச்சர்ட் டிட்மஸ் இங்கிலாந்தின் ரத்ததானத்தையும் அமெரிக்காவின் ரத்த வியாபாரத்தையும் ஒப்பிட்டு எழுதினார். விலை கொடுத்து வாங்கும்போது ரத்தம் கெடுகிறது, கொடுக்கிற மனதும் கெடுகிறது என்பது அவர் வாதம். இந்தியாவில் உச்சநீதிமன்றம் 1996-ல் அளித்த தீர்ப்பின்படி 1998 ஜனவரி முதல் ரத்தத்தை விற்பது நின்றது. இதற்கு எதிர்த்திசையில் காந்தியின் உதாரணம் இருக்கிறது. 1935-ல் கதர் நூற்கிற பெண்களுக்கு வாழ்க்கைக்குப் போதுமான குறைந்தபட்சக் கூலி தரவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். நூற்போர் சங்கம் அதைத் தீர்மானமாக்கிற்று. கதர் விலை ஏறும், விற்காது என்று சொன்னவர்களுக்கு அவர் இணங்கவில்லை. தேச சேவை என்ற பெயரில் ஏழைப் பெண்ணின் விரல் உழைப்பை மலிவாக வாங்குவது அவருக்குச் சேவையாகத் தோன்றவில்லை.

சில காரியங்கள் விலை கொடுத்தால் கெடுகின்றன. சில காரியங்கள் கொடுக்காவிட்டால் கெடுகின்றன. எது எது என்று பிரிக்கப் பொது விதி கிடையாது. ஆனால் ஒரு அடையாளம் உண்டு. இது கொடை என்று சொல்கிற உரிமை கொடுப்பவருக்கு மட்டுமே உண்டு. பெறுகிறவர் முந்திக்கொண்டு 'இது உங்கள் கொடை' என்று சொன்னால் அது களவு. ஆஷா பெண் தன் வேலையைத் தொண்டு என்று சொல்லிக்கொள்ளலாம்; அரசாங்கம் அப்படிச் சொல்லக்கூடாது.

6

இவ்வளவுக்கும் பிறகு மரியாதை நடைமுறையில் என்ன என்று கேட்டால், பெரிய விஷயங்கள் எதுவும் இல்லை. தொண்டரின் நேரத்தைத் தன் நேரம்போல் மதிப்பது. ஏழு மணிக்கு வரச்சொல்லிவிட்டு ஒன்பதரைக்குச் சாவியோடு வராமல் இருப்பது. ஏன் இந்த வேலை என்று சொல்வது. பணம் எவ்வளவு வந்தது, எங்கே போயிற்று என்று கேட்காமலே காட்டுவது. செய்த காரியத்தைச் செய்தவர் பெயரில் சொல்வது. முடியாது என்று அவர் சொன்னால் முகம் மாறாமல் கேட்டுக்கொள்வது. இவற்றில் எதற்கும் செலவு இல்லை. செலவில்லாத இவற்றைக்கூடச் செய்ய முடியாமல் பொன்னாடைக்குச் செலவு செய்கிறோம் என்றால், தடை பணத்தில் இல்லை, அதிகாரத்தில் இருக்கிறது. யோசனை கேட்டால் அந்த யோசனைக்குக் கட்டுப்படவேண்டி வரலாம். பொன்னாடைக்கு யாரும் கட்டுப்பட வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, சண்டை போடுகிற உரிமை. சுந்தரருக்குச் சைவ மரபு கொடுத்த பட்டங்களில் ஒன்று வன்தொண்டர். கலியாணப் பந்தலில் ஓலையோடு வந்து 'நீ என் அடிமை' என்ற கிழவரை அவர் பைத்தியக்காரன் என்று ஏசினார். ஏசியதற்காக அவர் தள்ளப்படவில்லை; ஏச்சே பட்டமாயிற்று. பிறகும் அவர் கேட்பார், கோபிப்பார், கண் போனபோது இடித்துரைப்பார். அவருக்கு இன்னொரு பெயர் தோழர். இந்த இரண்டு பெயர்களும் ஒரே ஆளுக்கு இருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை. முரண்டு பிடிக்க முடிந்தவர்தான் தோழராக முடியும். எப்போதும் சரி என்கிற தொண்டரை ஸ்தாபனங்கள் விரும்புகின்றன. அவரை அவை மதிப்பதில்லை.

இதை வாசிக்கிற நாம் எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் கூலியில்லாத உழைப்பால் நடக்கிற ஸ்தாபனத்தில் இருக்கிறோம். சிறுபத்திரிகை அப்படிப்பட்டதுதான். 1959 முதல் 1970 வரை 'எழுத்து' நடந்தது சி.சு. செல்லப்பாவின் பிடிவாதத்தால், புத்தகங்களைத் தோளில் சுமந்து ஊர் ஊராகப் போய் விற்றார். 1971-ல் கோவையிலிருந்து 'வானம்பாடி' வந்தபோது அது விலையில்லாத கவிமடலாக வந்தது. கோவை ஞானி பார்வை போன பிறகும் பிறர் வாசிக்கக் கேட்டு, சொல்லி எழுதவைத்து, பத்திரிகையும் விமர்சனமும் நடத்தினார். 2020-ல் மறையும் வரை அந்தக் காரியம் நிற்கவில்லை. இந்த வரலாறுகளில் ஆசிரியர்களின் பெயர்கள் இருக்கின்றன, இருக்கவேண்டும். அச்சுப்பிழை பார்த்தவர்கள், உறையில் விலாசம் எழுதியவர்கள், தபால்தலை ஒட்டியவர்கள், இரவல் குரலாக இருந்து பக்கம் பக்கமாக வாசித்தவர்கள் தொகையடியார்களாகக்கூட இடம்பெறவில்லை. கவிதை அனுப்பியவருக்கு ஆறு மாதம் பதில் போடாத பத்திரிகை மனித மாண்பு பற்றித் தலையங்கம் எழுதுகிறது. லட்சியம் உயர்ந்ததாக இருக்கும்போது உடன் உழைப்பவரிடம் நடந்துகொள்ளும் முறை அற்ப விஷயமாகத் தோன்றுவது சிறுபத்திரிகைக்கு மட்டும் உரிய நோய் அல்ல; எல்லா லட்சியக் கூட்டங்களுக்கும் அது உண்டு. லட்சியம் உயர உயர ஆட்கள் சின்னதாகிறார்கள்.

ஒரு அமைப்பு தன்னிடம் வந்தவர்களை மதித்ததா என்று தெரிந்துகொள்ள ஆண்டறிக்கையைப் பார்த்துப் பயனில்லை. அதில் எத்தனை பேர் வந்தார்கள் என்று இருக்கும், எத்தனை பேர் போனார்கள் என்று இருக்காது. போனவர்களில் யாராவது திரும்பி வந்தார்களா என்று பார்க்கவேண்டும். குழந்தை பிறந்து, வேலை மாறி, அல்லது ஒரு வாக்குவாதத்துக்குப் பிறகு இரண்டு வருஷம் வராமல் இருந்த ஒருவர் ஒரு காலை வேளையில் வாசலில் வந்து நிற்கிறார். ஏன் வரவில்லை என்ற விசாரணை இல்லாமல், இத்தனை நாள் இல்லாததற்குக் குத்தல் இல்லாமல், அவர் கையில் ஒரு வேலையைக் கொடுத்து, 'இதை இப்படிச் செய்யலாம் என்று இருக்கிறோம், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்' என்று கேட்க முடிகிறதா? முடிந்தால் அங்கே மரியாதை இருக்கிறது. அவர் வாசலுக்கு வரும் துணிவு கொண்டாரா என்பது அதற்கு முந்தைய கேள்வி.